அர்மா விபத்து, 1889: கடிதம் மட்டுமே போட முடிந்த அரசாங்கம்

1889 ஜூன் 12-ஆம் தேதி விபத்து. அதே வருடம் ஆகஸ்ட் 30-ஆம் தேதி சட்டம். நடுவில் 79 நாட்கள்தான். ரயில் கம்பெனி இயக்குநர்கள் பலர் எம்.பி.க்களாகவும் இருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், கம்பெனிகளின் கையைக் கட்டும் ஒரு சட்டம் இத்தனை சீக்கிரம் நிறைவேறியது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சட்டத்தில் இருந்த மூன்று முக்கியமான கட்டளைகளில் ஒன்றுகூடப் புதிது இல்லை. அரசாங்கத்தின் ரயில்வே ஆய்வு அதிகாரிகள் விபத்துக்கு விபத்து, அறிக்கைக்கு அறிக்கை, அதே மூன்றையும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கேட்க முடிந்தது, உத்தரவு போட முடியவில்லை. இந்த விபத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணமே அந்த இடைவெளிதான்.

அன்று காலை

அர்மா, அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள சிறிய ஊர். அங்கிருந்த மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளி, பிள்ளைகளையும் பெற்றோரையும் 24 மைல் தொலைவில் இருக்கும் வாரன்பாயின்ட் கடற்கரைக்கு அழைத்துப்போக ஒரு சிறப்பு ரயில் ஏற்பாடு செய்திருந்தது. ரயிலை ஓட்டியது கிரேட் நார்தர்ன் ரயில்வே, அயர்லாந்துக் கம்பெனி. சுமார் 800 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வந்தது 940 பேருக்குப் பக்கம். புதன்கிழமை காலை, கடலைப் பார்க்கப் போகிற பிள்ளைகள் எப்படி வந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

டிரைவர் தாமஸ் மெக்ராத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது 13 பெட்டி. கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனில் அதை 15 ஆக்கினார்கள். இந்த எஞ்சினுக்கு இது அதிகம் என்று டிரைவர் ஆட்சேபித்தார், ஸ்டேஷன் மாஸ்டரோடு வாக்குவாதமும் நடந்தது. அடுத்து 10.35-க்குப் புறப்பட வேண்டிய வழக்கமான ரயிலின் எஞ்சினைக் கொண்டு பின்னாலிருந்து தள்ளலாம் என்ற பேச்சும் எழுந்தது. நம்மூர் மலைப்பாதைகளில் பேங்கர் எஞ்சின் போடுவார்களே, அதே மாதிரி. அது நடக்கவில்லை. கால் மணி நேரம் தாமதமாக, 10.15 வாக்கில் ரயில் கிளம்பியது. பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள், டிக்கெட் இல்லாதவர்கள் நடுவில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. அதற்கு 47 வருடம் முன்னால், 1842-ல், பிரான்ஸில் வெர்சாய் பக்கத்தில் ஒரு ரயில் தீப்பிடித்தபோது பூட்டிய பெட்டிகளுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெந்து செத்திருந்தார்கள். கதவைப் பூட்டினால் என்ன ஆகும் என்பது ஐரோப்பா முழுக்கத் தெரிந்த செய்தி. தெரிந்தும் பூட்டினார்கள்.

அர்மாவை விட்டு வெளியே வந்ததுமே ஏற்றம். முதலில் 82-க்கு 1, பிறகு 75-க்கு 1, அதாவது 75 அடி போனால் ஒரு அடி உயர்வு. நடந்து போகிறவருக்கு அது ஏற்றமாகவே தெரியாது, ஆனால் இரும்பு மேல் இரும்பு உருளும் ரயிலுக்கு அது மலை. உச்சிக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிட்டது.

இங்கேதான் அந்த முடிவை எடுத்தார்கள். ரயிலோடு வந்த பொறுப்பாளர் ஜேம்ஸ் எலியட், ரயிலை இரண்டாக வெட்டச் சொன்னார். முன்னால் உள்ள ஐந்து பெட்டிகளை உச்சியைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனான ஹாமில்டன்ஸ் பானில் விட்டுவிட்டு, எஞ்சின் திரும்பி வந்து மீதிப் பத்தை இழுத்துப் போகும். அதுவரைக்கும் அந்தப் பத்துப் பெட்டிகளும் சரிவில் நிற்க வேண்டும். எதன் பலத்தில்? கடைசியில் இருந்த கார்டு வண்டியின் கைப்பிரேக், அப்புறம் சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கற்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியையே எடுத்து ஆப்பு மாதிரி வைத்தார்கள்.

பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு எஞ்சின் புறப்பட முயன்றபோது முன்பகுதி ஒன்றரை அடி போலப் பின்னால் வந்து இடித்தது. ஏற்றத்தில் வண்டி எடுத்த யாருக்கும் இது தெரியும், கிளட்ச் பிடிக்கும் முன் ஒரு நொடி பின்னால் சரியும். அவ்வளவுதான் நடந்தது. அந்த இடியில் கற்கள் நொறுங்கின, பத்துப் பெட்டிகளின் மொத்தப் பாரமும் கைப்பிரேக் மேல் விழுந்தது, பெட்டிகள் மெதுவாக அர்மாவை நோக்கி நகர ஆரம்பித்தன. கார்டு வண்டியில் பயணிகளும் சேர்ந்து பிரேக் சக்கரத்தை இன்னும் ஒரு சுற்று இறுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. ஐந்து பெட்டிகளோடு இருந்த எஞ்சினைப் பின்னாலேயே ஓட்டி வந்து பிடித்து மறுபடி கோக்கவும் முயன்றார்கள். அதுவும் கை கூடவில்லை.

கீழே அர்மாவில், 10.35 ரயில் ஏற்கெனவே புறப்பட்டிருந்தது. முன்னால் போன ரயில் இருபது நிமிடத்தில் தூரமாகப் போயிருக்கும் என்பது கம்பெனி விதிமுறையின் கணக்கு. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்த டிரைவர் உருண்டு வரும் பெட்டிகளைப் பார்த்ததும் பிரேக் போட்டு, கிட்டத்தட்ட நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் மேலிருந்து வந்தவை மணிக்கு சுமார் 40 மைல் வேகத்தில் வந்தன. உயரமான மண்கரை ஒன்றின் மேல் மோதல். கடைசியாக இருந்த கார்டு வண்டியும் அதற்கு அடுத்த இரண்டு பெட்டிகளும் சில்லுச் சில்லாகிப் போயின, துண்டுகள் கரையின் இரண்டு பக்கமும் சரிந்தன. 80 பேர் இறந்தார்கள், 260 பேர் காயமடைந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். அயர்லாந்தும் சேர்ந்திருந்த அன்றைய ஐக்கிய ராஜ்ஜியத்தில் 19-ஆம் நூற்றாண்டில் நடந்த ரயில் விபத்துகளிலேயே உயிர்ச்சேதம் மிக அதிகமானது இதுதான்.

மோதிய வேகத்தில் 10.35 ரயிலின் எஞ்சின் கவிழ்ந்தது, பின்னால் இருந்த பெட்டிகள் இரண்டு துண்டாக அறுந்து அவையும் பின்னோக்கி உருளத் தொடங்கின. நல்லவேளை, குறைவான பெட்டிகள் என்பதால் கைப்பிரேக்கில் நின்றன. அதாவது ஒரே காலையில், ஒரே சரிவில், கப்ளிங் விட்டதும் பிரேக் போவது இரண்டு முறை நடந்திருக்கிறது.

பிரேக் ஏன் போனது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், மொத்த வழக்கும் இதில்தான் இருக்கிறது.

இரண்டு ரயில்களிலும் எல்லாப் பெட்டிக்கும் பிரேக் இருந்தது, எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை குழாயும் ஓடியது. அது ஸ்மித்தின் சாதா வேக்குவம் (வெற்றிட) பிரேக். டிரைவர் பிரேக் போட நினைத்தால் குழாயிலிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும், உறிஞ்சினால் பிரேக் பிடிக்கும். குழாய் முழுதாக இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். கப்ளிங்கைக் கழற்றினாலோ அறுந்தாலோ குழாய் திறந்துகொள்ளும், உறிஞ்ச முடியாது, பிரேக் இல்லை. எந்த நேரத்தில் பிரேக் அவசியமோ அந்த நேரத்தில் கைவிடும் பிரேக் அது.

தானியங்கி வேக்குவம் பிரேக் இதற்கு நேர் எதிர். ரயில் ஓடும்போது குழாயில் வேக்குவம் இருந்துகொண்டே இருக்கும், அதுதான் பிரேக் கட்டையைச் சக்கரத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. குழாயில் காற்று புகுந்தால் பிரேக் விழும். யார் புகவிட்டார்கள் என்று அது பார்க்காது. டிரைவர் விடலாம், கார்டு விடலாம், ரயில் இரண்டாக அறுந்து தானாகவும் புகலாம். வேக்குவம் ரயில் ஓடிய காலத்தில் நம்மூர் ஜங்ஷனில் எஞ்சின் மாற்றும்போது பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும்: இரண்டு பெட்டிக்கு நடுவே தொங்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றியதும் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும், உடனே பெட்டிகளுக்கு அடியில் கட்டைகள் 'டக்'கென்று சக்கரத்தைப் பிடிக்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்காகவே பிளாட்பாரத்தின் முனை வரை ஓடியிருக்கிறேன். அபாயச் சங்கிலியை இழுத்தால் ரயில் நிற்பதும் இதே தத்துவம்தான், குழாயைத் திறந்துவிடுகிறது. இன்றைய ரயில்களில் இருப்பது காற்றழுத்த பிரேக், அங்கே காற்று உள்ளே போவதற்குப் பதில் வெளியே வரும். அறுந்தால் நிற்கும் என்ற கொள்கை மட்டும் மாறவில்லை.

அர்மா ஏற்றத்தில் அந்தப் பத்துப் பெட்டிகளிலும் தானியங்கி பிரேக் இருந்திருந்தால், கப்ளிங்கைக் கழற்றிய அந்த நொடியே பத்தும் தண்டவாளத்தோடு கவ்விக்கொண்டு நின்றிருக்கும். எலியட்டின் முடிவு அப்போதும் விதிமீறல்தான், ஆனால் யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

இது 1889-ல் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. வெஸ்டிங்ஹவுஸின் தானியங்கி காற்று பிரேக் 1870-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1875-ல் இங்கிலாந்தின் நியூவார்க் பக்கத்தில் பல வகை பிரேக்குகளை ஒரே பாதையில் ஓட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். 1877-ல் ரயில்வேயை மேற்பார்த்த அரசுத் துறையான வர்த்தக வாரியம் எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, நல்ல பிரேக் என்றால் ரயில் அறுந்தால் தானாகவே பிடிக்க வேண்டும் என்று எழுத்தில் சொல்லியிருந்தது. 1884 ஜூலையில் இங்கிலாந்தின் பெனிஸ்டன் அருகே எஞ்சினின் அச்சு முறிந்து, கப்ளிங் அறுந்து, ரயில் கரையிலிருந்து உருண்டு 24 பேர் இறந்தார்கள். அந்த ரயிலில் இருந்ததும் இதே சாதா வேக்குவம் பிரேக்தான். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் கடிதமும் பதிலும் ஓடின.

ஏன் உத்தரவு போட முடியவில்லை

1840-ல் வந்த முதல் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம்தான் வர்த்தக வாரியத்துக்கு ரயில்வே ஆய்வு என்ற பொறுப்பையே கொடுத்தது. ராணுவப் பொறியாளர்களை ஆய்வு அதிகாரிகளாகப் போட்டார்கள், ஏனென்றால் கம்பெனியோடு சம்பந்தம் இல்லாத பொறியாளர்கள் வேறு எங்கேயும் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆனால் புதுப் பாதையைப் போய்ப் பார்த்து 'இது ஆபத்து' என்று எழுதலாமே தவிர, திறப்பதைத் தடுக்க முடியாது. 1842-ல் திறப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரம் வந்தது. 1844-ல் வாரியத்தின் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், தினமும் ஒரு ரயிலாவது கூரையுள்ள பெட்டியில், மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் ஏழைகளை ஏற்ற வேண்டும் என்றது. கட்டணம், கேஜ் (தண்டவாள அகலம்), புதுப் பாதை இவற்றிலெல்லாம் அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாக மூக்கை நுழைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் ரயிலை எப்படி ஓட்டுவது என்பதில் மட்டும் கம்பெனி வைத்ததுதான் சட்டம்.

ஆய்வு அதிகாரிகள் கேட்டது மூன்று. ரயில்வே வட்டாரத்தில் அதை 'லாக், பிளாக், பிரேக்' என்றே சொல்வார்கள். லாக் என்பது இன்டர்லாக்கிங், பாதை பிரியும் இடத்தில் உள்ள பாயிண்ட் ஒரு பக்கம் இருக்கும்போது சிக்னல் இன்னொரு பக்கத்துக்குப் பச்சை காட்ட முடியாதபடி லீவர்களையே ஒன்றோடொன்று பூட்டுவது. பிளாக் என்பது பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்ததை உள்ளே விடாமல் இருப்பது. பிரேக் பற்றி மேலே பார்த்தோம்.

பிளாக் இல்லாத காலத்தில் நேர இடைவெளிதான் ஒரே காவல். 1861 ஆகஸ்டில் பிரைட்டனிலிருந்து மூன்று ரயில்கள் ஐந்து நிமிட இடைவெளியில் கிளம்ப வேண்டியவை, நிஜத்தில் 8.28, 8.31, 8.35 என்று கிளம்பின. கிளேட்டன் சுரங்கத்துக்குள் இரண்டாவதும் மூன்றாவதும் மோதி 23 பேர் இறந்தார்கள். அர்மாவுக்கு 28 வருடம் முன்னால் இது. அன்றைக்கே தெரிந்த பாடம், அர்மாவில் 10.35 ரயில் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பியபோதும் நடைமுறைக்கு வரவில்லை.

சரி, நாடாளுமன்றம் இத்தனை நாளும் சும்மாவா இருந்தது? இல்லை. 1871-ல் விபத்துகளை விசாரிக்கச் சட்ட அதிகாரம் கொடுத்தது. 1873-ல் எத்தனை மைலுக்கு பிளாக் போட்டிருக்கிறீர்கள், எத்தனை இடத்தில் இன்டர்லாக்கிங் என்று கணக்குக் கொடுக்கச் சொன்னது. 1878-ல் பிரேக்குக்கும் அதே மாதிரி கணக்கு. அதாவது, 'செய்' என்று சொல்லாமல் 'செய்தாயா என்று எழுதிக் கொடு' என்று சொல்லும் சட்டங்கள். ஊருக்கு முன்னால் கணக்கை வைத்தால் வெட்கப்பட்டாவது செய்வார்கள் என்ற நம்பிக்கை. இங்கிலாந்தின் பெரிய கம்பெனிகளிடம் இது ஓரளவு பலித்தது, பிளாக் முறையை அவர்கள் வேகமாகப் போட்டார்கள். போக்குவரத்து குறைவு, வருமானமும் குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்த அயர்லாந்துப் பாதைகளில் பலிக்கவில்லை.

அரசாங்கம் தயங்கியதற்கு ஒரு வாதமும் இருந்தது, அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இந்தக் கருவியைத்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டால், அது பழுதாகி விபத்து நடக்கும்போது கம்பெனி 'நீங்கள் சொன்னதைத்தான் செய்தோம்' என்று கையை விரித்துவிடும், பொறுப்பு பிரிந்துபோகும் என்று வாரியத்திலேயே பலர் நினைத்தார்கள். எந்த பிரேக் நல்லது என்று பொறியாளர்களே அடித்துக்கொண்டிருந்த 1875-ல் இது நியாயமான கவலை. பெனிஸ்டனுக்குப் பிறகு, 1884-க்குப் பிறகு, நியாயம் இல்லை. அந்த ஐந்து வருடங்களுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது என்பதுதான் என் முடிவு.

விசாரணையும் சட்டமும்

வர்த்தக வாரியத்தின் ஆய்வு அதிகாரி மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் விசாரித்தார். எஞ்சினுக்கு அந்தப் பாரத்தை இழுத்து ஏற்றத்தைத் தாண்டும் வலு இருந்தது, ஓட்டிய விதத்தில்தான் கோளாறு என்றார். டிரைவருக்கு அந்தப் பாதையில் போதிய பழக்கம் இல்லை. ரயிலை வெட்டியது பெரும் தவறு, பின்னால் வரும் ரயிலுக்காகக் காத்திருந்து அதன் எஞ்சினைத் தள்ள வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். எலியட் மேல் வழக்கு நடந்தது. முதல் விசாரணையில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, மறுவிசாரணையில் விடுதலையானார்.

தனிமனிதர்கள் மேல் விரலை நீட்டியதோடு ஹட்சின்சன் நிறுத்தவில்லை, தானியங்கி பிரேக் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதையும் எழுதினார். இதே வாக்கியத்தை வேறு வேறு அதிகாரிகள் வேறு வேறு விபத்துகளுக்கு எழுதியிருந்தார்கள். இந்த முறை நாடு பார்த்துக்கொண்டிருந்தது. வர்த்தக வாரியத்தின் தலைவராக இருந்த சர் மைக்கேல் ஹிக்ஸ் பீச் மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு வலுவாக எழவில்லை, எழுப்பும் தைரியம் அந்தக் கோடையில் யாருக்கும் இருந்திருக்காது.

1889-ன் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டத்தின் உயிர் ஒரே ஒரு பிரிவில் இருக்கிறது. பயணிகள் ரயில் ஓடும் பாதைகளில் பிளாக் முறை, இன்டர்லாக்கிங், எல்லாப் பயணிகள் ரயிலிலும் தானியங்கி தொடர் பிரேக், இந்த மூன்றையும் குறிப்பிட்ட கெடுவுக்குள் போடும்படி வர்த்தக வாரியம் கம்பெனிகளுக்கு ஆணையிடலாம். ஐம்பது வருடமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த துறைக்கு, ஓடும் ரயிலின் மேல் முதல்முறையாக அதிகாரம் வந்தது. டிக்கெட்டில் கட்டணத்தை அச்சிட வேண்டும், டிக்கெட் கேட்டால் காட்ட வேண்டும் என்பதும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. பெரிய சாவுக்குப் பிறகு வரும் சட்டங்களில் இப்படிச் சில்லறை விஷயங்களும் தொற்றிக்கொண்டு வருவது வழக்கம்.

அடுத்த வருடமே இந்தியாவுக்கு 1890-ன் ரயில்வே சட்டம் வந்தது. புதுப் பாதையைத் திறக்கும் முன் ஆய்வு, விபத்து விசாரணை, ஆய்வாளர் நியமனம் எல்லாம் அதில் உண்டு. 1989-ல் புதுச் சட்டம் இயற்றப்படும் வரை அதுதான் நம் ரயில்களை ஆண்டது. ரயிலை நடத்துபவரின் கீழேயே ஆய்வாளர் இருக்கக் கூடாது என்பதற்காக 1941-ல் அந்த ஆய்வுப் பிரிவை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்தார்கள். இன்றும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. விபத்துச் செய்தியில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1840-ன் அந்த ராணுவப் பொறியாளர்கள் ஞாபகம் வரும்.

சட்டம் தொடாத இடம்

லாக், பிளாக், பிரேக் மூன்றும் இயந்திரங்கள். லீவரை இழுக்கிற ஆளைப் பற்றி 1889-ன் சட்டம் கேட்டது மறுபடியும் ஒரு கணக்கு மட்டும்தான்: ரயில் பாதுகாப்பில் சம்பந்தப்பட்ட ஊழியர்கள் எத்தனை பேர் அளவுக்கு மீறி வேலை பார்க்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கு கேட்டு முடித்துக்கொள்ளும் பழைய பழக்கம் இங்கே அப்படியே தங்கிவிட்டது.

1892 நவம்பர் 2, யார்க்‌ஷையரில் தர்ஸ்க் பக்கத்தில் மேனர் ஹவுஸ் சிக்னல் கேபின். பிளாக் கருவி இருந்தது, வேலையும் செய்தது. அங்கே சிக்னல்மேன் ஜேம்ஸ் ஹோம்ஸ். முந்தின நாள் அவருடைய கைக்குழந்தை இறந்துவிட்டது. அதற்கு முந்தின இரவு வேலை பார்த்துவிட்டு, பகலெல்லாம் டாக்டரைத் தேடி நடந்து, குழந்தையைப் பறிகொடுத்து, மனைவியைத் தேற்றி, தூங்காமலே இருந்தவர், இன்றிரவு என்னால் முடியாது, மாற்று ஆள் வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. இரவில் கண் அசந்துவிட்டார். விழித்தபோது தன் பகுதியில் ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருப்பது நினைவில் இல்லை, பாதை காலி என்று நினைத்து ஸ்காட்லாந்திலிருந்து வந்த எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டார். 10 பேர் இறந்தார்கள்.

ஹோம்ஸ் மேல் உள்நோக்கமில்லாக் கொலை வழக்கு நடந்தது, குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, தண்டனை இல்லாமல் விட்டுவிட்டார்கள். ரயில்வே ஊழியர்களின் வேலை நேரத்தில் தலையிட்டு, அதிகமாக இருந்தால் குறைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை நாடாளுமன்றம் வர்த்தக வாரியத்துக்குக் கொடுத்தது அதற்கு அடுத்த வருடம், 1893-ல்.